கதாபாத்திரப் பெயரீடு (மேசைக் கதையாட்டம்): கல்முனைக் கரையோரப் பெயர்மரபு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சாலும் பகடையாலும் ஆடப்படும் மாயக்கதை ஆட்டங்களில், ஆடுபவர் தம் பாத்திரத்துக்குப் பெயர் வைப்பதே கதாபாத்திரப் பெயரீடு. பாத்திரத் தாளின் முதல் கட்டம் பெயருக்குரியது. பல நேரங்களில் கடைசியாக நிரம்புவதும் அதுவே. வாளுக்கும் மந்திரத்துக்கும் விதிநூலில் கணக்கு இருக்கிறது. பெயருக்கு அப்படி ஒன்றும் இல்லை, மாதிரிப் பட்டியல்தான் உண்டு. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தமிழ்க் கிராமங்களோடு மாறி மாறி வரும் முஸ்லிம் ஊர்களில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டியல்களைப் புரட்டினால், அவருடைய மூத்தவாப்பாவின் பெயர் எதிலும் அகப்படாது. ஆனால் பாத்திரப் பெயர் ஒன்றுக்கு வேண்டிய வம்சம், தொழில், ஊர், மறைபொருள் அத்தனையும் அந்தக் கரையின் பெயர்மரபுக்குள்ளேயே கிடக்கின்றன.

பட்டியல்கள் வந்த வழி

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. தொடக்க கால ஆட்டக்காரர்கள் பெயருக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. ‘ட்ராமிஜ்’ என்ற மந்திரவாதி, ஜிம் வார்ட் என்ற ஆட்டக்காரரின் பெயரைத் திருப்பி எழுதியதால் பிறந்தவன். ‘டென்ஸர்’ என்பது எர்னஸ்ட் என்ற பெயரின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டது. ‘மெல்ஃப்’ இன்னும் எளிது: தாளில் ஆண் என்பதற்கு இட்ட ‘எம்’ எழுத்தும் அடுத்திருந்த ‘எல்ஃப்’ என்ற இனப்பெயரும் ஒட்டிக்கொண்டன. இவர்களுக்கு முந்திய டோல்கீன் வேறு தரம். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ கதையின் குள்ளர்களுக்கும் கேண்டால்ஃபுக்கும் பழைய நார்ஸ் கவிதை ஒன்றில் இருந்த பெயர்வரிசையிலிருந்தே பெயர் எடுத்தார். தம் புலமைக்குள் இருந்த பழஞ்சொத்தை எடுத்துப் புதுக்கதைக்குச் செலவழித்தார் என்பதே அதில் கவனிக்க வேண்டியது.

விதிநூல் அச்சிடுவோர் பின்னர் ஆயத்தப் பட்டியல் கொடுக்கத் தொடங்கினர். 2014ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில் ‘காலிஷைட்’ என்ற கற்பனை மக்களுக்கு ஹசைத், சுதைமான், ஸஷைர் என்ற பெயர்கள் உள்ளன. சுதைமானைப் பார்த்ததும் சுலைமானில் ஓரெழுத்து மாறியிருப்பது நம் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். 2017இல் வந்த ‘ஸனாதரின் கைநூல்’ உலகப் பெயர்களை அரபு, இந்தியா, சீனா என்று தனித்தனியாகப் பிரித்துத் தந்தது. அரபுப் பட்டியலில் அப்பாஸ் இருக்கிறார். இந்தியப் பட்டியலில் அஜய், விக்ரம் இருக்கிறார்கள். அரபுப் பெயரைத் தமிழ் நாக்கில் வைத்து, ‘லெவ்வை’யும் ‘உம்மா’வும் சேர்த்து நானூறு ஐந்நூறு ஆண்டாகப் புழங்கும் ஒரு சமூகம் இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

பெயருக்கு இலக்கணம் வேண்டும் என்று முதலில் காட்டியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். அமெரிக்கரான இந்த மொழியியலாளர் இஸ்லாத்தைத் தழுவி முகம்மது அப்துர் ரஹ்மான் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், உருது கற்பித்தவர். 1975இல் வெளியான அவருடைய டெக்குமெல் உலகத்தில் ஒருவன் பெயரைச் சொன்னாலே அவன் வம்சமும் தெரிந்துவிடும். குலம் இல்லாதவனுக்கு அங்கே மதிப்பில்லை. அவர் 1991இல் வேறொரு பெயரில் நாஜி ஆதரவு நாவல் எழுதினார் என்பதை டெக்குமெல் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அதோடு அவருடைய சொந்தப் பெயரே பல ஆட்டக்காரர்களுக்குக் கசந்துபோயிற்று. ஆயினும் பெயரிலிருந்து சமூகத்தைக் கட்டும் அவர் முறைக்கு நிகராக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

இனிஷியலும் குடியும்

கல்முனைப் பக்கத்து ஆண் பெயரின் முன்னால் மூன்று எழுத்து நிற்பது வழக்கம். யூ.எல். என்றால் பெரும்பாலும் உதுமாலெவ்வை, ஏ.எல். என்றால் ஆதம்லெவ்வை அல்லது அகமதுலெவ்வை, எம்.எல். என்றால் மீராலெவ்வை. இவை வாப்பாவின் பெயர். அடுத்து வரும் எம். அவருடைய சொந்தப் பெயரின் முன்பாதியான முகம்மது. ஆட்டத்துக்காக யூ.எல்.எம். காசிம் என்று ஒருவனைப் படைத்தால், உதுமாலெவ்வையின் மகன் முகம்மது காசிம் என்பது எழுதாமலே எழுதப்பட்டுவிடுகிறது. கதை நடத்துபவர் கெட்டிக்காரராக இருந்தால் அந்த ‘யூ.எல்.’ யார் என்பதை நாலைந்து அமர்வு வரை மூடியே வைத்திருக்கலாம். வடமேற்கு ஐரோப்பியப் பாணியில் ‘இன்னாரின் மகன்’ என்று முழக்குவதைவிட இந்தச் சுருக்கத்துக்கு மர்மம் கூடுதல்.

வாப்பா வழி இனிஷியலில் நிற்க, குடி உம்மா வழியில் வருகிறது. கிழக்குக் கரையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள தாய்வழிக் குடிமுறையில் பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்று இருந்த ஏற்பாட்டை மூத்தவர்கள் இன்றும் விவரிப்பார்கள். வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே குடியேறுவார். ஆகவே காசிம் மூன்று இடத்துக்குக் கட்டுப்பட்டவன்: பெயரில் வாப்பா, குடியில் உம்மா, முகவரியில் மாமி வீடு. கதையில் இரண்டு குடிகள் மோதிக்கொண்டால் அவன் எந்தப் பக்கம் என்பதற்குப் பகடை உருட்ட வேண்டிய தேவையே இல்லை. பிரச்சினை பெயரிலேயே வந்துவிட்டது. பெரிய விதிநூல்களில் பல பக்கம் ஒதுக்கி எழுதப்படும் ‘பாத்திரப் பின்னணி’ இதைவிட மெலிந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

மீராலெவ்வை, மீராசாகிபு, மீரா உம்மா போன்ற பெயர்களில் உள்ள ‘மீரா’ நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வை நினைத்து வைத்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் அவர் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. முகைதீன் என்பது பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானியை நோக்கியது. ஒரு பாத்திரம் எந்த வலியின், அதாவது இறைநேசரின், காவலில் பிறந்தது என்பதையும் இப்படிப் பெயர் சொல்லிவிடும்.

தொழிலும் புனைபெயரும்

ஆட்டத்தில் வீரன், மந்திரவாதி, பூசகர், காடறிந்தவன் என்று வகுப்புகள் உண்டு. இவற்றுக்கு ஆங்கிலப் பெயரை அப்படியே இழுத்துவர அவசியமில்லை. வயற்காணி பரந்த இந்த மாவட்டத்தில் நிலச்சொந்தக்காரர் போடியார். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு வயல் வட்டையைக் கவனிப்பவர் வட்டவிதானையார். வேளாண்மையைக் களத்தில் நின்று நடத்துபவர் முல்லைக்காரர். தோணியும் வீடும் செய்பவர் ஓடாவியார். பள்ளிக் கருமங்களைப் பார்ப்பவர் லெப்பை. நாட்டு வைத்தியம் செய்பவர் பரிசாரியார். ‘காசிம் ஓடாவியார்’ என்றதும் உளியும் கையும் கண்முன் நிற்கும். ‘மீராலெவ்வைப் போடியார்’ என்றால் அவரிடம் கடன்பட்டவர்களும் கூடவே வந்து நிற்பார்கள். பெண் பாத்திரத்துக்கு ஆசியா உம்மா, கதீஜா உம்மா என்ற முழுப்பெயர் சபைக்கு ஆகும். மேசையில் உடன் ஆடுபவர்கள் ‘ராத்தா’ என்று கூப்பிட்டால் போதும். சண்டை நடுவில் ஒரு மூச்சில் கூப்பிட முடியாத பெயரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

தாமே தமக்குப் பாத்திரப் பெயர் சூட்டிக்கொண்டவர்களுக்கும் இந்தக் கரையில் குறைவில்லை. மருதமுனை வி.எம். இஸ்மாயில் மருதூர்க்கொத்தன் ஆனார், அதே ஊர் ஹனிபா மருதூர்க்கனி ஆனார், கல்முனை யூ.எல்.எம். அதீக், கவிஞர் சோலைக்கிளியாக அறியப்பட்டார். முதலிரண்டும் ஊரைச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றன, மூன்றாவது பறந்துவிடுகிறது. ஊரை விட்டுக் கிளம்பும் சாகசக்காரனுக்கு மருதூர்க்கொத்தன் வகைப் பெயர்தான் உதவும்: அந்நிய தேசத்தில் அவனை விசாரிப்பவர்களுக்கு அதில் ஒரு பிடி கிடைக்கும்.

எதிரிக்குப் பெயர்

இங்கேதான் ஆட்டக்காரர் கவனமாக இருக்க வேண்டும். நபிமார், சஹாபாக்கள், மலக்குகள் பெயரை வில்லனுக்கோ விலங்குக்கோ வைத்தால் மேசையில் ஆட்டம் நின்றுவிடும். இறைவனின் திருநாமங்களில் ஒன்றை எடுத்தால் முன்னால் ‘அப்துல்’ சேர்க்க வேண்டும் என்பது வீட்டிலேயே சொல்லித்தரப்படும் ஒழுங்கு. இன்னொரு சிக்கல் ஜின். விதிநூல்களில் ஜின் காற்றுக்கும், இஃப்ரீத் நெருப்புக்கும், மாரித் நீருக்கும் உரிய பூதங்களாகப் புள்ளிவிவரத்தோடு வருகின்றன. 1992இல் வந்த ‘அல்-காதிம்’ என்ற அரபுச் சாயல் உலகம் இவற்றின் மேலேயே நின்றது. நிந்தவூர் வீட்டு முற்றத்தில் ஜின் கதைப்பொருள் இல்லை, ஈமானோடு சேர்ந்த விசயம். பெயரைச் சொல்லி ஜின்னை அழைக்கும் காட்சியை மஃரிபு நேரத்தில் ஆடுவதற்கு எல்லாரும் உடன்பட மாட்டார்கள்; ஆட்டம் தொடங்குமுன் கேட்டுவிடுவது மரியாதை.

எதிரிக்குப் பெயர் வைக்கும் சிக்கலுக்குத் தமிழ் முஸ்லிம் புலவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கற்பனைப் போர்களைப் பாடும் படைப்போர் இலக்கியத்தில் அலி போன்ற வீரர்கள் வரலாற்றுப் பெயரோடு வருவார்கள். எதிரியோ புலவர் கட்டிய பெயரோடு வருவான். வரிசை முகிய்யித்தீன் புலவரின் ‘சக்கூன் படைப்போர்’ 1686இல் பாடப்பட்டது. அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ தொகுதியில் இபுனியன், உச்சி, வடோச்சி, தாகி, இந்திராயன் என்ற பெயர்கள் வருகின்றன. அரபு போல் தொடங்கித் தமிழ் போல் முடியும் இவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘வடோச்சி’யைவிட நல்ல ராட்சதப் பெயரை எந்த விதிநூலும் இதுவரை தரவில்லை. பின்னால் 1885இல் சித்தி லெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எகிப்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் திரியும் நாயகனுக்கு அசன் என்ற வீட்டுப் பெயரோடு ‘பே’ என்ற துருக்கியப் பட்டத்தை ஒட்டியது. தூரதேச வாசனைக்கு அந்த ஒற்றை எழுத்தே போதுமானதாக இருந்தது.