அசைவும் அதிர்வும்: பயணிகள் கப்பல்களில் வசதியின் பங்கீடு (1871–2000)

ஆய்வுச் சுருக்கம்

கடற்பயணிகள் உணரும் அசைவையும் அதிர்வையும் கப்பற்கட்டுமானப் பொறியியல் படிப்படியாக வென்ற கதையாகவே பயணிகள் கப்பலின் வரலாறு பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. அக்கதை முழுமையானதன்று. ஒவ்வொரு காலகட்டத்திலும் அதிர்வைக் குறைக்கும் முயற்சியோடு, குறையாது எஞ்சிய அதிர்வை யார் தாங்குவது என்னும் முடிவும் சேர்ந்தே எடுக்கப்பட்டது. ஓஷியானிக், டாய்ச்லாண்ட், லூசிடானியா, நார்மண்டி ஆகிய கப்பல்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை இக்கருத்தை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பயணிகள் கப்பல், உருளல், அதிர்வு, ஒத்ததிர்வு, உலாப் பயணம், வகுப்புப் பிரிவு.

முன்னுரை

ஓய்வுக்காகக் கப்பலேறும் பயணி, அறையில் கட்டில் நடுங்குவதையும் மேசைமேல் உள்ள கோப்பை நகர்வதையும் உணரும்போது, கப்பலுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அஞ்சுவது இயல்பு. அவ்வச்சம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தே அது கப்பல் நிறுவனங்களின் வருவாயோடும் பொறியாளர்களின் ஆய்வோடும் பிணைந்து வந்துள்ளது. பயணியின் உடலே அதிர்வை அறிந்த முதற்கருவி. அவ்வுடல் கூறிய முறையீட்டை எண்ணாக மாற்றும் பணியைப் பொறியியல் பின்னரே மேற்கொண்டது. யாருடைய முறையீடு எண்ணாக மாறியது, யாருடையது மாறவில்லை என்னும் வினாவை இவ்வரலாற்றில் எழுப்ப வேண்டியுள்ளது.

1. இருவகை இயக்கங்கள்

கப்பலில் உணரப்படும் இயக்கங்களை அவற்றின் தோற்றுவாய் கொண்டு இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது, கடல் தரும் அசைவு. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து மீள்வது உருளல். அணியமும் பின்பகுதியும் மாறிமாறி எழுந்து தாழ்வது முற்பின் ஊசல். இவை மெதுவானவை, ஒரு சுற்று முடிய பல நொடிகள் ஆகும். ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை நிகழும் மேல்கீழ் அசைவே கடல்நோயை மிகுதியாகத் தூண்டுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் சோதனைகளால் தெளிவாயிற்று.

இரண்டாவது, கப்பலே தனக்குத் தந்துகொள்ளும் அதிர்வு. பொறியும், புரொப்பெல்லர் எனப்படும் உந்துசுழலியும் இதன் தோற்றுவாய்கள். இது நொடிக்குப் பலமுறை நிகழ்வது. கடல்நோயைவிட உறக்கமின்மையும் எரிச்சலும் அச்சமுமே இதன் விளைவுகள். அமைதியான கடலிலும் நீங்காத இவ்வதிர்வுக்குக் கடலைக் குறைகூற இயலாது.

இவ்விரண்டிற்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் தனக்கே உரிய இயல்பான அலைவு நேரம் இருக்கிறது. புறவிசையின் தாளம் அதனோடு பொருந்தும்போது சிறுவிசையும் பேரியக்கத்தை எழுப்பும். இயற்பியல் இதனை ஒத்ததிர்வு என்கிறது. கட்டுரையில் வரும் தொழில்நுட்ப முயற்சிகளுள் பெரும்பாலானவை இப்பொருத்தத்தைத் தவிர்க்க முயன்றவையே.

2. இடமாற்றம்: முதல் தீர்வு

உந்துசுழலி பரவலான பின்னும், பாய்மரக் கப்பலின் மரபைப் பின்பற்றி, உயர்வகுப்புப் பயணிகளின் அறைகள் பின்பகுதியிலேயே அமைந்தன. பாய்மரக் கப்பலில் அது மதிப்புக்குரிய இடம். நீராவிக் கப்பலிலோ சுழலியின் நடுக்கம் மிகுந்த இடம். பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் கட்டப்பட்டு 1871இல் முதற்பயணம் மேற்கொண்ட ஓஷியானிக் இம்மரபை மாற்றியது. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் அக்கப்பலில் முதல் வகுப்பு அறைகளும் உணவுக்கூடமும் நடுப்பகுதிக்கு வந்தன. முற்பின் ஊசலில் நடுப்பகுதியே குறைவாக அசைவது. சுழலியினின்றும் அது விலகி இருப்பது.

இம்மாற்றம் கப்பல் வடிவமைப்பின் திருப்புமுனையாகப் போற்றப்படுகிறது. ஆயினும், இதனால் கப்பலின் அதிர்வு சிறிதும் குறையவில்லை என்பது கருதத்தக்கது. நடுப்பகுதி உயர்வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டதால், குடிபெயர்வோருக்குரிய கீழ்வகுப்பு இடங்கள் முன்னும் பின்னுமாக, அசைவும் அதிர்வும் மிகுந்த இரு முனைகளில் அமைந்தன. ஆக, முதல் தீர்வு அதிர்வை நீக்கவில்லை. அதனைத் தாங்குவோரை மாற்றியது.

3. உருளலைக் கணித்தல்

உருளலைப் பற்றிய முறையான ஆய்வு, கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலை வடிவமைத்த புரூனல், வில்லியம் ஃப்ரூட் என்பாரைக் கேட்டுக்கொண்டதன் வழியாகத் தொடங்கியது. 1861இல் ஃப்ரூட் தம் முடிவுகளை வெளியிட்டார். அலை கப்பலின் பக்கத்தில் மோதி அதைத் தள்ளுகிறது என்னும் பொதுக்கருத்தை அவர் மறுத்தார். அலையின் சரிந்த மேற்பரப்பிற்குச் செங்குத்தாக நிற்கவே கப்பல் முயல்கிறது. அலையின் தாளமும் கப்பலின் இயல்பான உருளல் நேரமும் பொருந்தும்போது சாய்வு பெருகுகிறது என்பது அவர் விளக்கம்.

இதிலிருந்து முரணான ஓர் உண்மை வெளிப்பட்டது. சாய்ந்தால் உடனே நிமிரும் திறன் மிகுந்த கப்பல் பாதுகாப்பானது. ஆனால் அது வெடுக்கென்று நிமிர்வதால் பயணிக்குத் துன்பம் தருவது. நிமிர்திறன் அளவாக உள்ள கப்பல் மெல்ல உருளும், பயணிக்கு இதமானது. பயணிகள் கப்பலை வடிவமைப்போர் இவ்விரண்டிற்கும் இடையில் வழிகாண வேண்டியவராயினர். கப்பலின் அடிவிலாவின் இருபுறமும் நீண்ட தகடுகளைப் பொருத்தினால் உருளல் தணியும் என்பதை 1870களில் கிரேஹவுண்ட், பெர்சியஸ் ஆகிய கப்பல்களை ஒப்பிட்டு நடத்திய சோதனைகள் உறுதிசெய்தன.

கப்பலை அசையவிட்டு, பயணியை மட்டும் அசையாது காக்கும் முயற்சியும் நடந்தது. எஃகு உற்பத்தியில் புகழ்பெற்ற ஹென்றி பெஸ்ஸெமர் கடல்நோயால் வருந்தியவர். நீரியல் விசையால் சமநிலையில் நிறுத்தப்படும் தொங்குகூடம் ஒன்றைத் தம் பெயர் தாங்கிய கப்பலில் அமைத்தார். 1875இல் அக்கப்பல் கலே துறைமேடையில் மோதியது, திட்டம் கைவிடப்பட்டது. அதிலும் காக்கப்பட இருந்தது கூடத்தில் அமரும் பயணி மட்டுமே. கப்பலை இயக்குவோர் அல்லர்.

4. வேகமும் அதன் விலையும்: டாய்ச்லாண்ட்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அட்லாண்டிக் நிறுவனங்கள் வேகத்தில் போட்டியிட்டன. பல டன் எடையுள்ள உந்துதண்டுகள் மேலும் கீழும் பாயும் நீராவிப் பொறிகள், தம் விசைகள் ஒன்றையொன்று முற்றும் ஈடுசெய்யாதபோது, கப்பலுடலை நீண்ட உத்திரம்போல் வளைத்து அதிரச் செய்தன. ஜெர்மானியப் பொறியாளர் ஆட்டோ ஷ்லிக், கப்பலின் அதிர்வைப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார்; கப்பலுடலின் இயல்பதிர்வைக் கணிக்கும் முறையையும் வகுத்தார். பொறியின் பகுதிகளைச் சமன்செய்யும் யாரோ–ஷ்லிக்–ட்வீடி முறை அவர் பெயரையும் தாங்கியது. பயணியின் முறையீடு அளவிடத்தக்க எண்ணாக மாறியது இக்காலத்தில்தான்.

ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் டாய்ச்லாண்ட் 1900இல் முதற்பயணத்திலேயே அட்லாண்டிக்கின் வேகப் பெருமையை வென்றது. முழு வேகத்தில் அதன் நடுக்கம் பெரிதாக இருந்ததால், மதுவகைகளைக் குலுக்கிக் கலக்கும் பாத்திரத்தின் பெயரைக் கேலிப்பெயராகப் பெற்றது. 1902இல் நடுக்கடலில் அதன் பின்பகுதிச் சட்டத்தின் ஒரு கூறும் சுக்கானும் இழக்கப்பட்டன. நிறுவனத்தின் தலைவர் ஆல்பர்ட் பல்லின் இதன்பின் வேகப்போட்டியைத் தொடரவில்லை. 1905இல் வந்த அமெரிக்கா முதலிய கப்பல்கள் மிதவேகமும் பேரளவும் வசதியும் உடையனவாக அமைந்தன. விரைவுக் கப்பல்களின் நிலக்கரிச் செலவும் இம்முடிவிற்குக் காரணமாதலின், அதிர்வு ஒன்றையே காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அதுவும் முடிவைத் தூண்டியது.

உலாப் பயணம் இங்கு வரலாற்றில் முதன்மை பெறுகிறது. குளிர்காலத்தில் பயணிகள் குறைந்ததால், பல்லின் 1891இல் அகஸ்டா விக்டோரியா கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உலாப் பயணமாக அனுப்பியிருந்தார். போய்ச்சேர வேண்டிய அவசரமில்லாத பயணத்தில் வேகத்திற்கு மதிப்பில்லை. இத்தருக்கம் டாய்ச்லாண்டிற்கும் பயன்பட்டது. 1910–1911இல் அதன் விசை குறைக்கப்பட்டு, வெண்ணிறம் பூசப்பட்டு, விக்டோரியா லூயிஸ் என்னும் பெயரில் அது உலாக்கப்பலாயிற்று. முதல் உலகப்போருக்குப் பின் ஹான்ஸா என்னும் பெயருடன் குடிபெயர்வோரை ஏற்றிச்சென்று, 1925இல் உடைக்கப்பட்டது. ஒரே கப்பலுடல் வேகக்கப்பலாகவும் உலாக்கப்பலாகவும் குடிபெயர்வோர் கப்பலாகவும் வாழ்ந்தது. அதிர்வுக்குக் கண்ட உறுதியான மருந்து புதிய கருவியன்று, விரைவைத் துறத்தல் என்பதை அதன் வாழ்க்கை காட்டுகிறது.

5. சுழலியின் துடிப்பு: லூசிடானியா, நார்மண்டி

பார்சன்ஸின் நீராவிச் சுழற்பொறி வந்தபோது அதிர்வு ஒழிந்தது என்று நம்ப இடமிருந்தது. அதில் மேல்கீழாகப் பாயும் பெருந்தண்டுகள் இல்லை. 1907இல் லூசிடானியாவின் வெள்ளோட்டம் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. முழு வேகத்தில் பின்பகுதி கடுமையாக அதிர்ந்தது. அங்கே இரண்டாம் வகுப்பு இருந்தது. உள்ளமைப்புகளைப் பிரித்துத் தூண்களும் வளைவுத் தாங்கிகளும் சேர்த்து அப்பகுதியை வலுப்படுத்திய பின்னரே கப்பல் முதற்பயணம் சென்றது.

பழைய பொறியின் அதிர்வு, சுழலியின் அதிர்வை அதுவரை ஓரளவு மறைத்திருந்தது. கப்பலின் பின்னால் நீரோட்டம் ஒரே சீரானதன்று. கப்பலுடலின் அருகில் நீர் மெதுவாகவும் விலகிய இடத்தில் விரைவாகவும் பாய்கிறது. சுழலியின் ஒவ்வோர் இதழும் உடலுக்கு அருகே கடக்கும்போது ஓர் அழுத்தத் துடிப்பை எழுப்புகிறது. நிமிடத்திற்கு 200 சுற்று சுழலும் மூன்றிதழ்ச் சுழலி நொடிக்கு 10 துடிப்புகளைத் தரும். நான்கிதழாயின் துடிப்புகள் 13ஐத் தாண்டும், ஒவ்வொன்றின் வலிமையும் பொதுவாகக் குறையும்.

1935இல் முதற்பயணம் செய்த பிரான்சின் நார்மண்டி இதற்குச் சிறந்த சான்று. மின்மோட்டார்களால் இயங்கிய அக்கப்பல் முதற்பயணத்திலேயே வேகப் பெருமையை வென்றது. அதன் பின்பகுதியோ பயணிகள் வருந்துமளவு அதிர்ந்தது. 1935–1936 குளிர்காலத்தில் மூன்றிதழ்ச் சுழலிகளுக்கு மாற்றாக நான்கிதழ்ச் சுழலிகள் பொருத்தப்பட்டதும் அதிர்வு பெரிதும் தணிந்தது.

அதிர்வு கீழ்வகுப்பின் மீதே சுமத்தப்பட்டது என்னும் முடிவை இச்சான்றுகள் ஓரளவு திருத்துகின்றன. லூசிடானியாவில் இரண்டாம் வகுப்பிற்காகவே நிறுவனம் காலத்தையும் பொருளையும் செலவிட்டது. பயணச்சீட்டு விற்காமற்போகும் என்னும் நிலையில், முதல் வகுப்பல்லாத பயணியின் முறையீடும் எண்ணப்பட்டது. ஆகவே வகுப்பு மட்டுமன்றி, வேறு கப்பலைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றலும் முறையீட்டிற்கு வலிமை தந்தது.

6. உருளலை அடக்கிய துடுப்புகள்

பொறியதிர்வு குறையக் குறைய உருளல் மீண்டும் கருத்தை ஈர்த்தது. ஹாம்பர்க்கில் ஹெர்மன் ஃப்ராம், கப்பலின் இருபக்கத் தொட்டிகளுக்கிடையே நீர் பாய்ந்து உருளலுக்கு எதிராகச் செயற்படும் அமைப்பை உருவாக்கினார். இத்தாலியின் கோன்டே டி சவோயா 1932இல் மூன்று மாபெரும் சுழல்காட்டிகளைத் தாங்கிவந்தது. அவற்றின் எடையும் அவை பிடித்த இடமும் பெரிது, பயனோ வரையறைக்குட்பட்டது.

நிலைத்த தீர்வு, கப்பலின் பக்கங்களில் நீருக்கடியில் நீட்டப்படும் அசையும் துடுப்புகளாக அமைந்தது. 1936இல் ஐல் ஆஃப் சார்க் என்னும் சிறு கப்பலில் டென்னி–பிரௌன் துடுப்புகள் பொருத்தப்பட்டன. 1950இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் சூசான் அவற்றைப் பெற்ற முதற் பெரும்பயணிக் கப்பலாயிற்று. உருளலுக்குப் பெயர்போன குயீன் மேரிக்கு 1958இல்தான் இத்துடுப்புகள் கிடைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. விரைந்து செல்வோர் கப்பலைக் கைவிட்ட காலத்தில்தான் அக்கப்பல் நிமிர்ந்து நிற்கக் கற்றது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றில் மூன்று வழிகள் புலப்படுகின்றன: அதிர்வினின்று ஒருசாராரை விலக்குதல், அதிர்வின் காரணத்தைத் திருத்துதல், அதிர்வைத் தரும் வேகத்தைக் கைவிடுதல். ஒரு காரணம் திருத்தப்பட்டதும் அதன் பின்னிருந்த மற்றொன்று வெளிப்பட்டது. வேகத்தைத் துறந்ததால் உலாக்கப்பல் மற்றவற்றைவிட அமைதி பெற்றது. அமைதியே அதன் விற்பனைப் பொருளுமாயிற்று.

ஆயினும் முதல் வழி மறையவில்லை. கப்பலில் வாழ்தகுதி நோக்கி அதிர்வை அளவிடும் பன்னாட்டுத் தர நிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 6954, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கப்பலின் இடங்களை மூவகையாக்கியது. அதன்படி பயணிகள் அறையில் நொடிக்கு 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அதிர்வு முறையீட்டிற்கு உரியதாக இருந்தது; பணியாளர் உறைவிடத்தில் அவ்வெல்லை 6; பணியிடத்தில் 8. பணியாளர் கடலுக்குப் பழகியவர், பணியிடம் உறங்குமிடமன்று என்று இதற்கு நியாயம் கூறலாம். பயணி சில நாட்களில் இறங்கிவிடுவார், பணியாளர் பல மாதங்கள் அங்கேயே உறங்குவார் என்பதும் உண்மையே. 1871இல் அறைகளின் அமைப்பால் செய்யப்பட்ட பங்கீடு, 2000இல் எண்களால் செய்யப்பட்டது. கப்பலின் அமைதியை ஆராய்வோர், அந்த அமைதி எவருடைய அறையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.