ஞாபகம் இல்லாத வலைக்கு ஞாபகம் வந்த கதை

எந்த இணையத்தளத்துக்குப் போனாலும் அடியில் ஒரு பெட்டி வந்து நிற்கும். நாங்கள் குக்கி பயன்படுத்துகிறோம், சம்மதமா எண்டு கேட்கும். வாசிக்காமலே அமத்திவிட்டுப் போகிறோம். யார் யாரிடம் எதற்குச் சம்மதம் கேட்கினம் என்று பின்னோக்கிப் போனால், அது 1994ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கி இரண்டே மாதமான ஒரு கம்பனியில் போய் நிற்கிறது. சின்னக் கதைதான். ஆனால் இன்றைக்கு எங்களைப் பற்றி ஆர் என்ன தெரிந்து வைத்திருக்கினம் என்ற கேள்விக்கு அதில்தான் பாதி விடை கிடக்கிறது.

முதலில் ஒரு விசயம். வலைக்கு இயல்பாகவே ஞாபகம் கிடையாது. 1989இல் டிம் பேர்னேர்ஸ்-லீ ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு முன்வைத்த யோசனை, ஆவணங்களைப் பகிர்வதற்கானது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சேர்வர் கொடுக்கும், அதோடு தொடர்பு முடிந்துவிடும். அதே ஆள் அடுத்த நொடியில் இன்னொரு பக்கம் கேட்டால், சேர்வருக்கு அவர் புது ஆள். இது தெரியாமல் விட்ட குறை இல்லை. ஆரையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லாத சேர்வர் இலேசானது, நிறையப் பேருக்குப் பதில் சொல்லும். கட்டுரை வாசிக்க வந்த ஆளை ஞாபகம் வைத்து என்ன செய்யிறது?

வலையில் கடை போட வெளிக்கிட்டபோதுதான் இது இடித்தது. ஒரு புத்தகத்தைக் கூடைக்குள் போடுகிறீர்கள் என்று வையுங்கோ. அடுத்த பக்கத்துக்குப் போனதும் அந்தக் கூடை ஆருடையது என்று சேர்வருக்குத் தெரியாது.

1994இல் நெட்ஸ்கேப் கம்பனி, எம்சிஐ என்ற தொலைபேசிக் கம்பனிக்காக ஒன்லைன் வியாபார மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. எம்சிஐ ஒரு நிபந்தனை போட்டது. அரைகுறையாக நிற்கும் கொடுக்கல்வாங்கல் விபரங்களைத் தங்கள் சேர்வரில் வைத்திருக்க ஏலாது, அவை வாடிக்கையாளரின் கணினியிலேயே இருக்கட்டும் என்றது. இந்த வேலை லூ மொண்டுல்லியிடம் வந்தது. இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த பொறியியலாளர்; கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே லிங்ஸ் என்ற பிரவுசரில் வேலை செய்தவர். யூன் மாதத்தில் அவரும் ஜோன் ஜியானாண்ட்ரியாவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சேர்வர் ஒரு சின்ன எழுத்துத் துண்டை அனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அதே சேர்வரிடம் போகும் ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும். சுப்பர் மார்க்கெட் வாசலில் பையைக் கொடுத்தால் தருகிற டோக்கன் மாதிரி. டோக்கனில் உங்கள் பெயர் இல்லை, ஆனால் எந்தப் பை உங்களுடையது என்று அவைக்குத் தெரியும். யூனிக்ஸ் நிரலாளர்கள் இப்படிக் கைமாறும் துண்டுகளை ஏற்கெனவே 'மெஜிக் குக்கி' என்று சொல்லி வந்தார்கள். பெயர் அங்கேயிருந்து வந்தது.

அப்போது இதைவிட இலகுவான இன்னொரு வழியும் பேசப்பட்டது: ஒவ்வொரு பிரவுசருக்கும் அடையாள அட்டை இலக்கம் மாதிரி நிரந்தரமான ஓர் இலக்கம் கொடுப்பது. மொண்டுல்லி பிற்காலத்தில் எழுதிய குறிப்புகளில் அதை ஏன் கைவிட்டோம் என்று விளக்குகிறார். ஒரே இலக்கம் எல்லாத் தளங்களுக்கும் தெரிந்தால், தளங்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு ஆள் போன பாதை முழுவதையும் வரைந்துவிடலாம். ஆகவே ஒரு சேர்வர் கொடுத்த குக்கியை இன்னொரு சேர்வர் பார்க்கக்கூடாது என்பது விதியாயிற்று. இது தொழில்நுட்ப முடிவு போலத் தெரிந்தாலும், எனக்கு இது அரசியல் முடிவாகத்தான் படுகிறது.

1994 ஒக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பில் குக்கி இருந்தது. முதல் வேலை மிகச் சாதாரணமானது: நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்துக்கு வருபவர் முன்பு வந்தவரா என்று பார்ப்பது. அடுத்த வருசம் மைக்ரோசொஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் சேர்த்துக்கொண்டது. பாவனையாளருக்கு ஆரும் சொல்லவில்லை. 1996 பெப்ரவரி 12ஆம் திகதி லண்டன் ஃபினான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை ஒரு கட்டுரை போட்ட பிறகுதான், தங்கள் கணினியில் இப்படி ஒரு சாமான் இருக்கு எண்டே பொதுமக்களுக்குத் தெரிய வந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1996இலும் 1997இலும் நடத்திய அமர்வுகளில் குக்கி பேசுபொருளாயிற்று.

அதற்குள் விதியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஓட்டை என்றும் சொல்ல ஏலாது, விதியை ஆரும் மீறவில்லை. ஒரு வலைப்பக்கம் ஒரே சேர்வரிலிருந்து வரவேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்து ஒரு சேர்வரில் இருக்கும், படம் இன்னொன்றிலிருந்து வரும். டபுள்கிளிக் போன்ற விளம்பரக் கம்பனிகள் தங்கள் சேர்வரிலிருந்து விளம்பரப் படங்களை ஆயிரக்கணக்கான தளங்களுக்குள் வைத்தன. நீங்கள் செய்தித்தளத்துக்குப் போனாலும் விளையாட்டுத்தளத்துக்குப் போனாலும் அந்தப் படத்தை எடுக்க உங்கள் பிரவுசர் அதே விளம்பர சேர்வரிடம் போகும், அதே குக்கியைக் காட்டும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்றும் சொல்லும். குக்கி தன் சொந்தச் சேர்வருக்கு மட்டும்தான் போனது. அந்தச் சேர்வர்தான் எல்லா இடத்திலும் நின்றது. வேண்டாம் என்று தள்ளிய அடையாள இலக்கம் பின்கதவால் உள்ளே வந்துவிட்டது.

இதைத் தடுக்க முயன்றவர்கள் இருந்தார்கள். இணையத் தரங்களை எழுதும் ஐஈடிஎஃப் என்ற அமைப்பில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டலும் மொண்டுல்லியும் சேர்ந்து எழுதிய தரம் 1997 பெப்ரவரியில் ஆர்எஃப்சி 2109 என்ற இலக்கத்தோடு வெளிவந்தது. பாவனையாளர் தானாகப் போகாத மூன்றாம் தரப்புச் சேர்வரின் குக்கியை ஏற்கக்கூடாது, குறைந்தபட்சம் தொடக்க அமைப்பில் அது மூடி இருக்கவேண்டும் என்று அது சொன்னது. விளம்பரக் கம்பனிகள் எதிர்த்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசொஃப்ட்டும் அதைப் பின்பற்றவில்லை. நெட்ஸ்கேப் தன் நான்காம் பதிப்பில் மூன்றாம் தரப்புக் குக்கியை மறுக்கும் தெரிவை வைத்தது, ஆனால் தொடக்கத்தில் எல்லாம் திறந்தேதான் இருந்தது. அமைப்புகளுக்குள் போய் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்? 2000 ஒக்டோபரில் திருத்தி எழுதிய இரண்டாவது தரமும் எடுபடவில்லை. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265, பிரவுசர்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்து எழுதியது. சட்டம் எழுதி நடைமுறையை மாற்றப்போய், கடைசியில் நடைமுறையைப் பார்த்துச் சட்டம் எழுதினார்கள்.

இந்தப் பக்கம் பொறியியலாளர்களுக்கு வேறு தலையிடி. ஒரு கடைக்கு ஒரு சேர்வர் போதாமல் போய், நாலு சேர்வர் வைத்து, முன்னால் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி ஒன்றையும் வைத்தார்கள். முதல் கோரிக்கை ஒன்றாம் சேர்வருக்குப் போகிறது, உங்கள் கூடை அதன் நினைவகத்தில் இருக்கிறது. அடுத்தது மூன்றாம் சேர்வருக்குப் போகிறது. கூடை காலி! லொக்இன் செய்தவரைத் திரும்ப லொக்இன் செய்யச் சொல்லும். ஒரு ஆளை எப்போதும் ஒரே சேர்வருக்கு ஒட்டவைப்பது முதல் தீர்வு. ஐபி முகவரியைப் பார்த்து ஒட்டவைக்கப் போனால் ஏஓஎல் பாவனையாளர்களிடம் பிழைத்தது, ஏனெனில் ஒரே ஆளின் கோரிக்கைகள் வெவ்வேறு இடைச்சேர்வர்கள் வழியாக வந்தன. குக்கியை வைத்து ஒட்டினால் சரிவரும்; ஆனால் அந்தச் சேர்வர் விழுந்தால் அதிலிருந்த எல்லாருடைய கூடையும் போச்சு. பிறகு கூடைகளை எல்லாச் சேர்வருக்கும் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் வைத்தார்கள். 2007 டிசம்பரில் வெளிவந்த ரெயில்ஸ் 2.0 இன்னொரு பக்கம் போனது: விபரம் முழுவதையும் குக்கிக்குள்ளேயே போட்டு, ஆரும் மாற்றாமல் இருக்க ஒரு கணித முத்திரையும் குத்தி பாவனையாளரிடமே கொடுத்துவிடுவது. எம்சிஐ 1994இல் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு சேர்வர்கள் ஒரு குக்கியைப் பகிர்வதற்கும் வழி இருந்தது: பெயரின் வால் பொருந்தினால் போதும். இங்கேதான் எங்களுக்கும் ஒரு பங்கு வருகிறது. நெட்ஸ்கேப்பின் விதிப்படி கொம், ஓர்க், நெட் போன்ற ஏழு பின்னொட்டுகளுக்கு இரண்டு புள்ளி இருந்தால் போதும், மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று வேண்டும். எங்கள் எல்கே அந்த "மற்ற" கணக்கில். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் முகவரிகள் எல்லாம் ஏசி டொட் எல்கே என்றுதான் முடியும். வால் மட்டும் பொருந்தினால் போதும் என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சேர்வர் ஏசி டொட் எல்கே என்ற பெயரில் வைக்கிற குக்கியைப் பிரவுசர் பேராதனைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். மூன்று புள்ளி விதி அதைத் தடுத்தது. ஆனால் நேரே எல்கேயின் கீழ் பெயர் எடுத்த ஒருவர் தன் சொந்தச் சேர்வர்களுக்கிடையே பகிர்வதையும் அதே விதி தடுத்தது. உலகத்தின் பெயர்களைப் புள்ளி எண்ணிப் பிரிக்க முடியாது. கடைசியில் மொசில்லா ஆக்கள் ஒவ்வொரு நாட்டின் பின்னொட்டையும் கையால் எழுதி ஒரு பட்டியல் வைத்தார்கள், 2008இல் வந்த பயர்ஃபொக்ஸ் 3 அதைப் பயன்படுத்தியது. ஏசி டொட் எல்கே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

முற்றிலும் வேறு பெயருள்ள தளங்களுக்கு ஒரே லொக்இன் வேண்டுமென்றால்? மைக்ரோசொஃப்ட் 1999இல் பாஸ்போர்ட் என்ற சேவையைத் தொடங்கியது. நீங்கள் ஒரு தளத்தில் லொக்இன் அமத்தினால் பிரவுசரை மைக்ரோசொஃப்ட்டின் சேர்வருக்குத் திருப்பிவிடும், அங்கே அடையாளம் சரிபார்த்து ஒரு சீட்டோடு திருப்பி அனுப்பும், பிறகு அந்தத் தளம் தன் சொந்தக் குக்கியை வைக்கும். கெட்டித்தனமான வழி. ஆனால் நீங்கள் எங்கெங்கே நுழைகிறீர்கள் என்பதெல்லாம் ஒரே கம்பனிக்குத் தெரியும். அதன் பாதுகாப்பைப் பற்றிச் சொன்னது உண்மையில்லை என்று வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்ட, 2002இல் மைக்ரோசொஃப்ட் சமரசத்துக்கு வந்தது. 2005இல் பிராட் ஃபிட்ஸ்பற்றிக், அடையாளம் உறுதிப்படுத்தும் சேர்வரை ஆர் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று ஓப்பன்ஐடியைக் கொண்டுவந்தார். அந்த நல்ல நோக்கம் பெரிதாக வெல்லவில்லை. இன்றைக்கு நாங்கள் அமத்துவது "கூகிள் மூலம் நுழைக" என்ற பொத்தானைத்தான்.

டோக்கன் களவு போனால் பையும் போகும் என்பதை 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் காட்டினார். அவர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற பயர்ஃபொக்ஸ் இணைப்பு, பூட்டில்லாத வைஃபையில் பறக்கிற மற்றவர்களின் குக்கியைப் பிடித்து, ஒரே கிளிக்கில் அவர்களின் பேஸ்புக்குக்குள் நுழைய விட்டது. பாஸ்வேர்ட் தேவையே இல்லை. லொக்இன் செய்யும்போது மட்டும் மறைகுறியாக்கி, பிறகு குக்கியை வெளிச்சமாக அனுப்பிய தளங்கள் அதன் பிறகுதான் ஓடி ஓடித் திருத்தின.

விளம்பரப் பக்கத்தில் டபுள்கிளிக் 1999இல் அபகஸ் டைரக்ட் என்ற கம்பனியை வாங்கி, பெயரில்லாத குக்கிகளை உண்மையான பெயர்களோடும் வீட்டு முகவரிகளோடும் இணைக்கப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்ப, 2000 மார்ச்சில் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. கூகிள் 3.1 பில்லியன் டொலருக்கு டபுள்கிளிக்கை வாங்குவதாக 2007இல் அறிவித்து 2008இல் முடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தன் சட்டத்தைத் திருத்திச் சம்மதம் கேட்கச் சொன்னது, அந்தப் பெட்டி அங்கேயிருந்து வந்ததுதான். அப்பிளின் சஃபாரி 2017 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இன்னும் இறுக்கியது. 2020 ஜனவரியில் கூகிள், குரோமிலும் இரண்டு வருசத்துக்குள் அவற்றை நிறுத்துவோம் என்றது. பிறகு தள்ளிப்போட்டது, திரும்பவும் தள்ளிப்போட்டது. 2024 யூலையில் நிறுத்தப்போவதில்லை என்றது. 2025 ஏப்ரலில், அதைப் பற்றிப் பாவனையாளரிடம் தனியாகக் கேட்கும் திட்டமும் இல்லை என்று அறிவித்தது. அமைப்புகளுக்குள் போய் மாற்றலாமாம், 1997இல் நெட்ஸ்கேப் சொன்ன மாதிரியே.