அடைக் கூடையும் ஊசி மருந்தும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி அமைந்துள்ளது பென்னலூர். சுற்றிலும் இன்று மோட்டார் தொழிற்சாலைகள். ஆயினும், இத்தகைய ஊர்களில் கொல்லைப்புறம் உள்ள வீட்டில் ஒருவர் புதிதாகக் கோழி வளர்க்க விரும்பினால் பெரிய முதல் எதுவும் தேவையில்லை. அடைக்கு வந்த பெட்டை ஒன்று, கருவுள்ள முட்டை பத்துப் பன்னிரண்டு, ஒரு பழைய கூடை, கொஞ்சம் வைக்கோல் இருந்தால் போதும். இருபத்தொரு நாட்களில் குஞ்சுகள் வெளிவந்துவிடும்.

இவ்வளவு எளிய தொழில் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் ஏன் நிலைத்துப் பெருகவில்லை? இதே நெடுஞ்சாலையில் மேற்கே 70, 80 கி.மீ. சென்றால் ராணிப்பேட்டை வரும். விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

முதலில் கூடையைப் பார்ப்போம். கூடையில் முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் போட்டுவைப்பது நம் பாட்டிமார் வழக்கம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்ற அச்சம். இரும்புக்கும் இடிக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் கூறவில்லை. ஆனால் அதே பாட்டி ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தாரே, அது பிழையற்ற அறிவியல். கரு வளரும் முட்டையில் சிலந்தி போல் இரத்தக் குழாய்கள் தெரியும். கூமுட்டை வெறும் வெளிச்சமாகத் தெரியும். கோழி தன் மூக்கால் நாள்தோறும் பலமுறை முட்டையைப் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். பொறிப்பகத்து எந்திரம் செய்வதும் இதுவே: சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், போதிய ஈரம், ஓயாத புரட்டல்.

ஆகவே குஞ்சு பொரிப்பதில் நம்மவர் தோற்கவில்லை. தோல்வி பின்னர் வந்தது. கோடை தொடங்கும்போது ஒருநாள் கோழி இறகைத் தொங்கவிட்டுச் சோர்ந்து நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒரு வாரத்திற்குள் கூடு காலியாகிவிடும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இந்நோய், முட்டை விற்ற காசில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்க எண்ணியிருந்த தாயின் கணக்கை ஒரே வாரத்தில் அழித்துவிடும்.

இதைத் தனி நோயாக உலகம் அறிந்தது 1926ஆம் ஆண்டில்தான். ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பகுதியிலும் அவ்வாண்டு கோழிகள் கூட்டமாக மடிந்தன. இது பழைய கோழிக் கொள்ளைநோய் அன்று, வேறொரு வைரஸால் வருவது என்று டாயில் 1927இல் காட்டினார். இந்தியாவில் இமயமலையடிவாரக் குமாவோன் பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் அது பரவியது. முக்தேசுவரத்துக் கால்நடை ஆய்வுக்கூடத்தின் எட்வர்ட்ஸ் 1928இல் அதைப் பற்றி எழுதினார். ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. (ராணிக்கெட் வேறு, ராணிப்பேட்டை வேறு. பெயர் ஒலிப்பதைக் கொண்டு மாணவர்கள் குழம்ப வேண்டாம்.) 1931இல் கைலாசமையர் சென்னை மாகாணத்துக் கோழிக் கொள்ளைநோய் பற்றிய தம் ஆய்வை இந்தியக் கால்நடை இதழில் வெளியிட்டார்.

மருந்தில்லாத இந்த நோய்க்குத் தடுப்பு எங்கிருந்து கிடைத்தது? அடைமுட்டையிலிருந்தே! வைரஸ் உயிருள்ள திசுவில்தான் பெருகும். ஒன்பது, பத்து நாள் கரு வளர்ந்த முட்டைக்குள் அதைச் செலுத்தி, அங்கிருந்து எடுத்து இன்னொரு முட்டைக்கு மாற்றி, இப்படித் தொடர்ந்து செய்துவந்தால் கோழியைக் கொல்லும் கொடுமை அதற்குக் குறைகிறது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஆற்றல் மட்டும் எஞ்சுகிறது. ஐயரும் டாப்சனும் இவ்வழியில் கண்ட வெற்றியை 1940இல் வெளியிட்டனர். முக்தேசுவரத்தில் ஹாடோவும் இட்னானியும் இந்திய வைரஸை இவ்வாறே பழக்கி உருவாக்கிய மருந்து 1940களில் நாடெங்கும் பயன்பட்டது. ஆய்வுக்கூடத்தாரும் கரு உயிரோடிருக்கிறதா என்று முட்டையை ஒளியில் பிடித்தே பார்க்கின்றனர், பாட்டியைப் போலவே.

சென்னை மாகாண அரசு மாட்டு வெக்கை போன்ற கொள்ளைநோய்களுக்கு ஊநீர் தயாரிக்க 1932இல் ராணிப்பேட்டையில் நிறுவிய நிலையம், பிற்காலத்தில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக வளர்ந்து, கோழிக் கழிச்சல் தடுப்பு மருந்தையும் தயாரித்துத் தமிழகத்திற்கு வழங்கியது.

மருந்து கிடைத்தும் சிக்கல் தீரவில்லை. அது குளிரிலேயே இருக்க வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிகளுக்கு உரியது. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். பெரும் பண்ணைக்கு இது தொல்லையில்லை. எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்காக யார் குப்பியை உடைப்பார்? நூற்றாண்டின் நடுவிலேயே கண்டுபிடித்த மருந்து கொல்லைப்புறக் கோழியை எட்டாமல் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அறிவியல் தோற்கவில்லை, பொட்டலத்தின் அளவு தோற்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1966இல் நோய் தராத, வெப்பம் தாங்கும் வைரஸ் வகை ஒன்று கண்டறியப்பட்டது. 1980களில் மலேசிய ஆய்வாளர்கள் அதைத் தீவனத்தில் பூசிக் கோழிகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீவனக் குருணையாக உண்ணும் தடுப்பு மருந்தை உருவாக்கியுள்ளது. நம் மாநிலத்தில் கோடைக்கு முன் பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம்களும் நடத்தப்பட்டு வந்துள்ளன. ஊர்க் கோழிகள் ஓரிடத்தில் கூடினால் நூறு கோழிக் குப்பி வீணாவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் கணக்கு இதுதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து; எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. ஊசி மருந்து சற்றுக் கடுமையானதாகையால் இளங்குஞ்சுக்கு ஆகாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கோழிக்கு மருந்து போடும் கிழமை எதுவென்று முதலில் கேட்டறியுங்கள். அதே கிழமையில் அடை வையுங்கள். பொரிக்க 21 நாள், பிறகு 7 நாள், ஆக 28. சொட்டு மருந்து நாள் தவறாமல் அதே கிழமையில் வந்து நிற்கும்.