பூ இல்லாத மாதங்கள்: காவிரி டெல்டாவில் வரப்பு, கொல்லை, மகரந்தச் சேர்க்கை

தஞ்சாவூர்ப் பக்கம் தேனீயைப் பற்றிப் பேச்செடுத்தால் எதிரே வரும் முதல் கேள்வி நியாயமானதுதான்: நெல்லுக்கு எதற்குத் தேனீ? நெற்பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது. வெயில் ஏறும் காலைப் பொழுதில் உமி இரண்டாகப் பிரிகிறது, ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்குகின்றன, தூள் அதே பூவில் உதிர்கிறது. சற்று நேரத்தில் உமி மூடிக்கொள்கிறது. மகரந்தத்தின் ஆயுள் சில நிமிடங்கள். வீரிய ஒட்டு நெல்லுக்கு விதை எடுக்கும் வயல்களில் மட்டும் இரண்டு பேர் கயிற்றின் இரு முனையைப் பிடித்து ஆண் வரிசைமேல் இழுத்துத் தூளைக் கிளப்பிவிடுவார்கள். அங்கேயும் பூச்சிக்கு வேலை இல்லை.

பதில் சரி. அதிலிருந்து டெல்டாவின் வேளாண்மைக்கே மகரந்தச் சேர்க்கை ஒரு பொருட்டல்ல என்று முடிவுகட்டுவதுதான் தவறு. இந்த நிலப்பரப்பில் தேனீக்கும் பயிருக்கும் உள்ள உறவு தலைகீழாக அமைந்திருக்கிறது. பெரும்பரப்பில் நிற்கும் பயிர்கள் தேனீயை எதிர்பார்ப்பதில்லை, ஆனால் அதற்குத் தீனி போடுகின்றன. சிறுபரப்பில், கொல்லையிலும் வேலியிலும் கூரைமேலும் படரும் பயிர்களுக்குத் தேனீ கட்டாயம் வேண்டும். அவற்றுக்கோ அதை ஆண்டு முழுதும் வைத்துக் காப்பாற்றும் பலம் இல்லை. ஆகவே பத்து ஏக்கர் வைத்திருப்பவர் தன் வரப்பை என்ன செய்கிறார் என்பது, பத்து குழி கொல்லை வைத்திருக்கும் வீட்டின் பரங்கிக்காயில் போய் முடிகிறது.

நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். பூத்த வயலில் காலையில் தேனீக்கள் மகரந்தம் பொறுக்குவது உண்டு, நெற்பூவில் தேன் கிடையாது என்றாலும். உளுந்தில் மொட்டு விரியும் முன்பே உள்ளுக்குள் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் மஞ்சள் பூவைத் தேடித் தேனீ வருவது தன் வயிற்றுக்காக. திருவையாறு, கும்பகோணம் படுகைகளின் வாழைக்கோ சேர்க்கையே தேவையில்லை. சூல் கொள்ளாமலே பழுக்கும் இனம் அது. ஆனாலும் வாழைப்பூ மடலுக்கு அடியில் சுரக்கும் தேனுக்குப் பகலில் தேனீயும் இரவில் வௌவாலும் வருகின்றன.

மறுபக்கம் கத்தரிப்பூவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நடுவில் கூம்பாகச் சேர்ந்து நிற்கும் மகரந்தப் பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை, நுனியில் ஊசித் துளை மட்டுமே உண்டு. கருவண்டும் நீலவரித் தேனீயும் கூம்பைக் கால்களால் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கின்றன. உப்பு ஜாடியைக் கவிழ்த்து உலுக்கியதுபோல் துளை வழியே தூள் கொட்டுகிறது. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரி தானாகவும் ஓரளவு காய்க்கும், ஆனால் உலுக்க ஆள் இருந்தால் காய்ப்பு கூடும். இந்த இரண்டு பூச்சியும் பெட்டியில் வாழ்பவை அல்ல. கருவண்டு காய்ந்த மூங்கிலிலும் பட்ட கிளையிலும் துளையிட்டுக் குடியிருக்கும். நீலவரித் தேனீ மண்சுவரிலும் வாய்க்கால் கரையின் செங்குத்து மண்ணிலும் வளை தோண்டும். கரைக்குக் கான்கிரீட் பூசினால் அதற்கு வீடில்லை. தேனீப் பெட்டிகளை மானியத்தில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் இடறுகிறது. 1991-92ல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்ததும் நினைவில் இருக்க வேண்டும். ஓர் இனத்தை மட்டும் நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பரங்கியின் கதை இன்னும் கறாரானது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. விடியலில் விரிந்து உச்சிப் பொழுதுக்குள் வாடிவிடும். பெண் பூவுக்குப் போதுமான தூள் வந்து சேராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும், அல்லது ஒருபக்கம் சூம்பி வளரும். மார்கழிக் கோலத்தின் சாண உருண்டையில் செருகப் பறிப்பது காய்க்காத ஆண் பூவைத்தான். தைப்பொங்கலுக்குக் கூட்டு வைக்கப் பரங்கியும் அவரையும் மொச்சையும் வேண்டுமென்றால் அவை கார்த்திகை, மார்கழியில் பூத்தாக வேண்டும். டெல்டாவில் தேனீக்கு மிக மோசமான மாதங்கள் அவைதான்.

ஏன் என்பதை ஒரு பஞ்சாங்கம்போல் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் புங்கன், வேம்பு, இலுப்பை பூக்கின்றன. வயலில் எள்ளும் பருத்தியும் நிற்கும். ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை. ஆடிக்குப் பின் சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் நெல்லும். மேலே வடகிழக்குப் பருவமழை. அந்த நாலு மாதமும் காய்ந்த மண் என்று இருப்பது வரப்பும் வாய்க்கால் கரையும் கொல்லையும் மட்டுமே. அங்கே தும்பையும் பொடுதலையும் வெட்டுக்காயப் பூண்டும் இருந்தால் கொசுத் தேனீக்குக் கஞ்சி உண்டு. பிறகு தை கடைசியிலிருந்து உளுந்தும் பயறும் பூத்து ஊரே விருந்தாகிறது. கொசுத் தேனீ சில நூறு மீட்டருக்கு மேல் போய் வருவதில்லை. மலைத் தேனீ கிலோமீட்டர்க் கணக்கில் பறக்கும். ஆகவே எத்தனை ஏக்கர் காடு மிச்சம் என்று கேட்டுப் பயனில்லை. எந்த மாதத்தில், கூப்பிடு தூரத்துக்குள், எதுவும் பூக்காமல் இருக்கிறது என்பதே இந்த நிலப்பரப்புக்கு உரிய கேள்வி.

இந்தப் பஞ்சாங்கத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்தது எப்படி என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1960-61ல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 அறுபதுகளின் நடுவில் குறுவையில் பரவ, இருபோகப் பரப்பு கூடியது. கூடவே யூரியா வந்தது. அதுவரை நடவுக்கு முன் வயலில் மிதித்தது பசுந்தழை: கொளுஞ்சி, ஆவாரை, புங்கந்தழை, பூவரசந்தழை, எருக்கு. தழைக்காகவே வரப்பு ஓரத்திலும் திடலிலும் மரமும் செடியும் விட்டுவைக்கப்பட்டிருந்தன. மூட்டையில் தழைச்சத்து வந்தபின் அந்த மரங்களின் உத்தியோகம் போயிற்று. விளைச்சல் பெருகியது, அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை, பஞ்சம் பார்த்த நாட்டில். ஆனால் பூ தந்த மரங்களும் செடிகளும் அந்தக் கணக்கில் ஏறாமலே கழிந்தன.

உளுந்துக்கு வந்த கேடு வேறு வழியாக வந்தது. சம்பா அறுவடைக்கு ஏழு பத்து நாள் முன்பு, மெழுகுப் பதத்தில் இருக்கும் ஈரத்தில், நிற்கும் கதிருக்குள் விதையைத் தெளிப்பது டெல்டாவின் வழக்கம். இதற்கென்றே ஏடிடி 3 போன்ற ரகங்கள் ஆடுதுறையில் உருவாயின. ஆள் அறுத்த காலத்தில் முளை தப்பித்தது. அறுவடை இயந்திரத்தின் பட்டைச் சக்கரம் போன தடத்தில் முளை நசுங்குகிறது, இயந்திரம் கக்கிய வைக்கோல் மீதியை மூடுகிறது. அதோடு மேட்டூர் எப்போது திறக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2022ல் மே 24லேயே திறந்தார்கள். 2024ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அணை தள்ளிப்போனால் சம்பா தள்ளிப்போகும், பின்பனி ஈரம் காய்ந்தபின் உளுந்து எடுபடாது. தேனீயின் மாசி விருந்தை மேட்டூரின் மதகு முடிவு செய்கிறது.

இனி வரப்பு. பூச்செடி விடு என்று ஆய்வாளர் சொல்கிறார். வரப்பைச் செதுக்கு, அண்டை வெட்டு என்று பாட்டன் சொல்லி வந்திருக்கிறான். வேளாண் துறையும் வரப்பைக் குறுக்கச் சொல்கிறது. காரணம் எலி. அகன்று, புதர் மண்டிய வரப்பு வயல் எலிக்கு மாளிகை. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிக்கும் தொழிலே இங்கே உருவானது சும்மா அல்ல. உயிர்ப்பன்மை பேசும் கட்டுரைகள் இந்தச் சங்கடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவது வழக்கம். தாண்ட முடியாது. வழி ஒன்று உண்டு: உள்வரப்பைக் குறுக்கியே வைத்து, வாய்க்கால் ஓரத்துப் பெருவரப்பில் மட்டும் உயரம் குறைந்த பூண்டுகளை விடுவது. பொடுதலை தரையோடு படரும், மண்ணைப் பிடிக்கும். எலிக்கு மறைவு தராது.

வரப்புப் பூவால் நெல்லுக்கே லாபம் உண்டா? உண்டு, ஆனால் தேனீ வழியாக அல்ல. சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாட்டு வயல்களில் நாலு ஆண்டு நடந்த ஆய்வு 2016ல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளியானது. வரப்பில் தேன் சுரக்கும் செடி நட்ட வயல்களில் பூச்சிமருந்து 70 விழுக்காடு குறைந்தது, மகசூல் 5 விழுக்காடு கூடியது, வருவாயில் 7.5 விழுக்காடு லாபம். புகையானின் முட்டைக்குள் முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத குளவிகளுக்கு அந்தத் தேன்தான் உணவு. சீனத்து வரப்புகளில் நட்ட செடிகளில் எள் முக்கியமானது. இங்கே அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஐப்பசி அடைமழையில் எள் வேரழுகிப் போகும். குறுவை வரப்புக்கு அது ஆகலாம், சம்பாவுக்குத் தட்டைப்பயறுதான் தாங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வரப்புப் பயிராகத் தட்டைப்பயறைப் பரிந்துரைக்கிறது. கதிர்நாவாய்ப்பூச்சிக்குப் பூக்கும் தருணத்தில் காலையிலேயே மருந்து தூவினால் இத்தனையும் வீண். மகரந்தம் பொறுக்க வந்த தேனீயும் குளவியும் அதே தூளில் மடியும். அந்தி சாய்ந்தபின் அடிக்கலாம், செலவு ஒன்றுதான்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இந்தக் கணக்கு மாறுகிறது. தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடும். ஆகவே தோப்பு இருக்கும் இடத்தில் பூ இல்லாத மாதம் கிடையாது. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி லட்சக்கணக்கான தென்னையைச் சாய்த்தபோது மரம் போனதற்கு இழப்பீடு கணக்கிட்டார்கள். பாளை போனது யார் கணக்கிலும் வரவில்லை. கும்பகோணத்துக் கொடிக்காலில் வெற்றிலைக்குக் கொழுகொம்பாக நிற்கும் அகத்தியும் இப்படித்தான்: அதன் வேலை கொடியைத் தாங்குவது, பூ கூடுதல் வரவு.

சட்டம் என்ன செய்கிறது? 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்ற தொழில்கள் டெல்டாவுக்குள் புதிதாக நுழைவதைத் தடுக்கிறது. நிலம் விளைநிலமாக நீடிக்க அது உதவும். அந்த விளைநிலத்தின் ஓரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கத்துக்கு வெளியே. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட கல்லணைக் கால்வாய்ப் புனரமைப்பு சுமார் 2,640 கோடி ரூபாய்த் திட்டம். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்ற அதன் நியாயம் மறுக்கக்கூடியதல்ல. ஆனால் கரைக்குக் கான்கிரீட் பூசினால் அங்கே நீலவரித் தேனீக்கு இடமில்லை. மறுபுறம், 2024-25ல் தொடங்கிய ‘முதல்வரின் மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறார்கள். தக்கைப்பூண்டையும் சணப்பையையும் பூக்கத் தொடங்கும் தருணத்தில் மடக்கி உழுவதுதான் முறை. சணப்பை விதை பிடிக்கக் கருவண்டு போன்ற கனத்த பூச்சி வந்து பூவை அழுத்தித் திறக்க வேண்டும். உழும்போது வயலின் தலைமாட்டில் நாலு சால் விட்டுவைத்தால் வண்டுக்கு ஆனியில் தீனி, விவசாயிக்கு அடுத்த ஆண்டு விதை. இதற்குப் புதிய அரசாணை வேண்டியதில்லை, விதை கொடுக்கும்போது சொல்லி அனுப்பினால் போதும்.

இதைவிட உடனடியாகக் கைவைக்கக்கூடியது தூர்வாரும் பணி. ஆண்டுதோறும் அணை திறக்கும் முன், கோடையில், பொக்லைன் இயந்திரங்கள் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் இறங்குகின்றன. வண்டலோடு இரண்டு கரையின் பூண்டும் புதரும் சுரண்டப்படுகின்றன; அள்ளிய மண் கரைமேலேயே கொட்டப்பட்டு மண்ணுக்குள் கூடு கட்டிய தேனீக்களை மூடுகிறது. தண்ணீர் ஓட வாய்க்காலின் அடித்தளம் சுத்தமாக வேண்டும், இரு கரையும் மொட்டையாக வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, இயந்திரம் ஒரு கரையில் மட்டும் நின்று வேலை செய்யும்படியும், அடுத்த ஆண்டு மறுகரைக்கு மாறும்படியும் செய்யலாம். சீமைக் கருவேலத்தை மட்டும் இரண்டு பக்கமும் எடுக்கலாம், அதன் பூவைத் தேனீ விரும்பினாலும். வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்பதில் அதற்கு நிகர் இல்லை.