‘வெள்ளைக்காரன் ஆண்டான்’ — எந்த வெள்ளைக்காரன்?

வட்டக்கோட்டைக்கு டூர் வர்றவங்ககிட்ட “இதை யார் கட்டினது?”ன்னு கேட்டுப் பாருங்க. “வெள்ளைக்காரன்” என்பாங்க. எந்த வெள்ளைக்காரன்? “பிரிட்டிஷ்தான், வேற யாரு?” நாஞ்சில் நாட்டு வரலாற்றில் இந்தக் குழப்பம் ரொம்பப் பழசு. இன்னிக்கு மூணு தவறான நம்பிக்கைகளைப் பார்த்துடுவோம்.

ஒண்ணு, வெள்ளையா இருந்தா எல்லாரும் இங்கிலீஷ்காரன். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்தது டச்சுக் கம்பெனி. அங்கே பிடிபட்ட டி லன்னாய்தான் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் பலப்படுத்தினார். 1777-ல் இறந்தவரின் கல்லறை இன்னும் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே இருக்கு. சரி, ‘லண்டன் மிஷன்’ சார்பில் வந்தவர் லண்டன்காரராத்தானே இருப்பார்? இல்லை. 1806-ல் இங்கே வந்து, மயிலாடியில் வேலையைத் தொடங்கிய ரிங்கல்தௌபே ஒரு ஜெர்மானியர்.

ரெண்டு, பிரிட்டன் என்றால் இங்கிலாந்து. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்து அதிகாரம் செலுத்திய காலின் மெக்காலேயும் ஜான் மன்றோவும் ஸ்காட்லாந்துக்காரங்க. 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் சேர்ந்துதான் கிரேட் பிரிட்டன் உருவாச்சு. அதுக்கப்புறம் ஸ்காட்லாந்து இளைஞர்கள் நிறைய பேர் கம்பெனி வேலைக்கு வந்தாங்க. அவங்களை ‘இங்கிலீஷ்காரன்’னு சொன்னா, சென்னையில் நாகர்கோவில்காரரைப் பார்த்து “நீங்க மலையாளியா?”ன்னு கேட்டா வர்ற அதே கடுப்புதான் வரும்!

மூணாவதுதான் முக்கியம்: நம்மை பிரிட்டிஷ்காரன் நேரடியாக ஆண்டான். இல்லை. இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆண்டது மன்னர், பக்கத்தில் கம்பெனியின் ரெசிடெண்ட். 1805 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்டணும். அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்ட தளவாய், தலக்குளத்து வேலுத்தம்பிதான் 1809-ல் கம்பெனியை எதிர்த்து எழுந்தார்.

இதில் என்ன பெரிய வித்தியாசம்னு தோணலாம். தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்குங்க. நாடார் பெண்கள் மேல்சீலை போடக்கூடாதுன்னு தடுத்தது லண்டன் சட்டமில்லை. உள்ளூர் சாதி வழக்கமும் அதைக் காப்பாத்தின சமஸ்தானமும்தான். 1829-ல் அரசு அந்த உரிமையை வெளிப்படையாகவே மறுத்தது. 1859-ல் சென்னை மாகாண கவர்னர் டிரெவெல்யன் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு அனுமதி வந்துச்சு. அப்பவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாதுன்னு நிபந்தனை!

அதுக்காக “வெள்ளைக்காரன்தான் விடுதலை கொடுத்தான்”னு முடிச்சிடாதீங்க. அதே பிரிட்டிஷ் அதிகாரம் பல வருஷம் அந்த சமஸ்தானத்துக்குக் காவலாவும் நின்னுச்சு. அடி வாங்கினாலும் சீலையைக் கீழே இறக்காமல் நின்ன பெண்கள் இல்லாட்டி, கவர்னர் வரைக்கும் அந்தப் பேச்சே போயிருக்காது.

எல்லாப் பழியையும் எல்லாப் புகழையும் ‘வெள்ளைக்காரன்’ என்ற ஒரே ஆள் மேல போட்டுட்டா, நம்ம ஊர் ஆட்கள் செஞ்ச கொடுமையும் தெரியாமப் போகும், நம்ம ஊர்ப் பெண்கள் காட்டின துணிச்சலும் தெரியாமப் போகும். அடுத்த தடவை யாராவது “வெள்ளைக்காரன் காலத்தில்…”னு ஆரம்பிச்சா, ஒரு கேள்வி கேளுங்க: “எந்த வெள்ளைக்காரன்? அப்போ ராஜா யாரு?”