அடையாற்றைக் கடந்தவர்கள் – 4: முப்பதாயிரம் வராகன்

சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் போட்டது கம்பெனியும் இல்லை, ஆற்காட்டு நவாபும் இல்லை என்று சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அப்படியானால் யார்?

பதிலைப் பாலமே வைத்திருக்கிறது. சைதாப்பேட்டைப் பக்கம், கிண்டிக்குப் போகிற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகும் இடத்தில், பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன். ஆங்கிலம் கிடையாது. தமிழும் கிடையாது, ஆற்றில் இறங்கிக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பேசிய மொழிக்குக் கல்லில் இடமில்லை. கட்டியவரின் தாய்மொழி ஆர்மீனியம். அன்று மண்ணுக்குச் சொந்தக்காரரான நவாபின் தர்பார் மொழி பாரசீகம். லத்தீன் மாதா கோயிலுக்கு. கோட்டைக்கு வெளியே இவ்வளவு தூரத்தில் கம்பெனியின் ஆணை செல்லாத காலம் அது. ஆங்கிலம் விடுபட்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பாரசீகத்தின் இஸ்பஹானை ஒட்டிய ஜுல்பாவில் பிறந்த ஆர்மீனிய வணிகர். மதராஸ் துணியை மணிலாவுக்கு அனுப்புவது அவர் தொழில். பிலிப்பைன்ஸ் அப்போது ஸ்பெயின் வசம். ஆங்கிலேயக் கப்பல் என்றால் மணிலாவில் உள்ளே விடமாட்டார்கள். ஆர்மீனியர் பெயரில் போனால் கேள்வி இல்லை. மெக்சிகோச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்கு வரும். துணிக்கு விலையாக அது மதராஸ் வந்து இறங்கும். அந்த லாபத்தில் ஒரு பங்குதான் அடையாற்றுக்குள் கல்லும் சுண்ணாம்புமாக இறங்கியது!

கோடையில் அடையாறு முழங்கால் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் செம்பரம்பாக்கமும் மற்ற ஏரிகளும் நிறைந்து வழிந்தால் அதே ஆறு ஆளை அடித்துக்கொண்டு போகும். இதற்குச் சரித்திரச் சான்று தேட வேண்டாம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது, சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே போக்குவரத்தையே நிறுத்தவேண்டி வந்தது.

தென்கரையில் சின்னமலை. அதைத் தாண்டினால் பரங்கிமலை. அப்போஸ்தலர் தோமா முதல் மலையின் குகையில் தங்கி, இரண்டாவது மலையில் உயிர்விட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. நகரத்திலிருந்து மலைக்குப் போகும் யாத்ரீகர்கள் மழைக்காலத்தில் வடகரையிலேயே நின்றுவிடுவார்கள். தோமாவிடம் பெரும் பக்தி கொண்ட உஸ்கான் 1726-ல் தம் பணத்தில் 30,000 வராகனை எடுத்து வைத்தார். ஆற்றின் மேல் வளைவு வளைவாகப் பாலம் எழுந்தது. வெள்ளைக்காரர்கள் அதை மர்மலாங் பாலம் என்றார்கள். மராமத்துக்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கிவைத்தார் பாருங்கள், அங்கேதான் வியாபாரி தெரிகிறார். பாலம் கட்டித் திறப்பவர்கள் உண்டு. பழுது பார்க்கவும் சேர்த்துப் பணம் வைப்பவர்கள் அபூர்வம். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் 160 படிகளும் அவர் உபயம்தான்.

யாத்ரீகர்களுக்குப் போட்ட வழி ஊருக்கே வழியானது. கிண்டியில் ஆளுநர் மாளிகை, பரங்கிமலையில் பட்டாளம், சைதாப்பேட்டையில் செங்கற்பட்டு ஜில்லா கலெக்டர் கச்சேரி எல்லாம் பாலம் வந்த பின்னால் வந்தவை. 1966-ல் பழைய பாலத்தின் இடத்தில் மறைமலை அடிகள் பாலம் வந்தது. அந்தக் கதைக்குப் பின்னால் வருவோம். இப்போது உஸ்கானை விட்டு நகர முடியாது. அவர் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது.

1746 செப்டம்பர். லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் மதராஸ் கடலில் வந்து நின்றன. சில நாட்களில் ஜார்ஜ் கோட்டை விழுந்தது. கோட்டையை மீட்க நவாப் அன்வாருதீனின் மகன் மாபூஸ்கான் பெரும்படையோடு வந்தார். அக்டோபர் 24 அன்று, உஸ்கானின் பாலத்துக்குச் சில மைல் கிழக்கே, அதே அடையாற்றங்கரையில் அவரை பாரதி என்ற பிரெஞ்சுப் படைத் தளபதி எதிர்கொண்டார். பாரதிஸ் என்றும் எழுதுவார்கள், நம் ஊர்ப் பெயர் என்று மயங்க வேண்டாம். அவரிடம் சுமார் ஆயிரம் பேர்தான். ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து வந்து சுட்டார்கள். நவாபின் படை சிதறி ஓடியது.

இனி மதராஸுக்கு எஜமான், புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே. வெள்ளையர் பட்டணத்தில் உஸ்கானுக்கு இருந்த சொத்தெல்லாம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு சேதி வந்தது: புதுச்சேரிக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளும், எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

உஸ்கான் பதில் அனுப்பினார். அதைக் கேட்ட துய்ப்ளே…

(அடுத்த வாரம்)