மலையடியில் நின்ற படைகள்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குப் பழைய பாதை, பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து ஏறுகின்றது. 1885 இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மலையில், 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. காடு திருத்தித் தேயிலை வளர்த்த கைகளுள் தமிழர் கைகள் பல. தோட்டம் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனபொழுது, போர் மலையடிவாரத்தை எட்டியது.

தாப்பாவுக்கு வடக்கே கம்பார். தெற்கே சிலிம் ரிவர். மலாயாப் போரின் பெருங்களங்கள் இவை இரண்டும். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, கம்பார்க் குன்றுகளில் 11ஆம் இந்தியப் படைப்பிரிவு ஜப்பானியரைத் தடுத்து நின்றது. முந்தைய போர்களில் ஆள் குறைந்துபோன பஞ்சாபியர் அணியும் ஜாட்டு அணியும் ஒன்றாக்கப்பெற்றிருந்தன. ஆங்கிலேய அணிகள் இரண்டும் அவ்வாறே. இறுதி நாளில் கேப்டன் ஜான் கிரஹாம் தலைமையில் சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனை ஈட்டியோடு பாய்ந்து, இழந்த அகழிகளை மீட்டனர். கிரஹாமும் வீரர் பலரும் மாண்டனர். எனினும் ஜப்பானியர் கடல்வழியே பின்புறம் இறங்கவே, படை பின்வாங்க நேர்ந்தது. ஜனவரி 7 விடியுமுன், சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் களைத்திருந்த அணிகளை ஊடுருவிச் சிதைத்தன. எதிர்த்து நிறுத்த ஆங்கிலேயரிடம் டாங்கி ஒன்றுமில்லை.

இவ்வீரரை நினைவுகூரக் கல் உண்டு. தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெயர் அறியப்படாதோர். உடல் கிடைக்காதோர் பெயர்கள், சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில் 24,000க்கு மேல் பொறிக்கப்பெற்றுள்ளன.

தோட்டத் தமிழர் ஏந்திய படைக்கலத்தின் வரலாறு வேறு. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்தியத் தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், அதுவரை பால்மரக் கத்தியையன்றி வேறொன்றும் ஏந்தாத தொழிலாளர் பலர் அதில் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். நாட்டுப்பற்று பலரைச் செலுத்தியது. பசியும், சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்வரென்ற அச்சமும் சிலரைச் செலுத்தின என்பர் ஆய்வாளர். அதனால் அவர்தம் தியாகம் சிறுத்துவிடாது. அவர் வாழ்ந்த காலத்தின் கொடுமையே விளங்கும்.

அப்படையின் மாண்டாருக்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலை 8 இல் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் மூன்று சொற்களைத் தாங்கிய அந்நினைவுச் சின்னம், செப்டம்பரில் மீண்டு வந்த ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தை அறிவிக்கும் பலகைக்கல் 1995 இல்தான் எழுந்தது.

ஆகவே, ஒரே மண்ணில் ஒரே போரில் நின்ற இந்தியருள் ஒரு சாராரைக் கல் காத்தது. மறு சாராரை லயத்து வீடுகளே காத்தன. திரும்பியவர் பலர் மீண்டும் தோட்ட வேலைக்கே சென்றனர். அத்தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவை மக்களும் பேரரும் கேட்ட கதைகளும், பெட்டியடியில் கிடக்கும் படங்களுமே. எவர், எத்தோட்டத்திலிருந்து, எந்த அணியில் நின்றார் என்பதை இப்பொழுதே எழுதி வைத்தல் வேண்டும். கல்லை மீண்டும் நாட்டலாம். மறந்த பெயரை எங்ஙனம் மீட்பது?